பெயரில் கோட்டை, நேரில் மண்கரை

கேள்வி: ஜூலையில் லண்டனிலுள்ள மகளிடம் போகிறேன். டோர்செட் பக்கமுள்ள மெய்டன் காசில் என்ற வரலாற்றுக்கு முந்திய மலைக்கோட்டையைப் பார்க்க ஆசை. டிக்கட் எவ்வளவு? முழங்கால் நோவோடு ஏறலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: டிக்கட் இல்லை. சிகிரியாவை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்து திரும்புவீர்கள். கல்மதில் இல்லை. 47 ஏக்கர் குன்றைச் சுற்றி வெட்டிய அகழிகளும் புல் மூடிய மண்கரைகளும்தான். மேலே ஆடு மேயும்.

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி டோர்செஸ்டர் சவுத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கோட்டை சுமார் 3 கிலோமீற்றர். முழங்காலை நினைத்து டாக்ஸி பிடியுங்கள். வாகனத் தரிப்பிடத்திலிருந்து மேற்கு வாசலுக்குச் சரிவான பாதை. படியேற்றம் போலக் கடினமில்லை. ஆனால் அடியில் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் வழுக்கும், இறங்கும்போதுதான் கூடுதலாக. பிடிப்புள்ள சப்பாத்தும் கைத்தடியும் வேண்டும். குடை உதவாது, காற்று மடக்கிவிடும், மழைக்கோட் எடுங்கள். மலசலகூடமோ தேநீர்க் கடையோ அங்கில்லை.

மேற்கு வாசலில் அவசரப்படாதீர்கள். நேரே போக விடாமல் பாதை கரைகளுக்கு இடையே வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மேலே பாருங்கள்: கவணோடு ஒருவன் அங்கே நின்றால் உங்களுக்கு ஒளிய இடமில்லை. செசில் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த 20,000-க்கும் மேற்பட்ட கவண்கற்கள் இந்தக் கோட்டையில் கிடைத்தன. கோட்டை கி.மு. 600 அளவில் எழுந்தது. அதற்கும் ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் முன்பே புதிய கற்கால மக்கள் இதே உச்சியை அகழியால் வளைத்திருந்தார்கள். சுற்றிவர இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். கரைச்சரிவில் குறுக்கே ஏறாதீர்கள். உங்கள் காலுக்கும் கூடாது, மண்ணும் சரியும்.

கேள்வி: மெய்டன் காசிலில் இருந்தவர்களை ரோமர் வெட்டிச் சாய்த்தார்களாமே?
– மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: 1934–37இல் அங்கு அகழ்ந்த தொல்லியலாளர் மோர்ட்டிமர் வீலர் சொன்ன கதை அது. கிழக்கு வாசலில் கிடைத்த எலும்புகள் சிலவற்றில் வெட்டுக்காயம் உண்மைதான். ஆனால் பலரை உணவும் பாத்திரமும் வைத்து முறையாகவே புதைத்திருக்கிறார்கள். அவசரமாகப் புதைத்த போர்ச் சடலங்கள் என்பதை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. முள்ளந்தண்டில் இரும்பு முனை பாய்ந்த எலும்பை டோர்செஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் காணலாம். அங்கே டிக்கட் உண்டு. நம் புதுச்சேரி அரிக்கமேட்டை 1945இல் சதுரம் சதுரமாக அகழ்ந்தவரும் இதே வீலர்தான்.