டிரா போக்கரில் சீட்டு மாற்றுவது எதற்கு?

ஆளுக்கு ஐந்து சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள், ஒரு சுற்று பந்தயம் கட்டியதும் கையிலுள்ள சேர்க்கையை வலுவாக்க, வேண்டாத சீட்டுகளைக் கொடுத்துவிட்டு அதே எண்ணிக்கையில் புதுசு வாங்கலாம், அப்புறம் இன்னொரு சுற்று பந்தயம், கடைசியில் கையிலுள்ள சீட்டுகளைக் காட்டுவது. இதுதான் டிரா போக்கர்.

எதிராளியின் சீட்டு ஒன்றுகூடக் கண்ணில் படாது, அதனால் அவர் எத்தனை மாற்றுகிறார் என்பதுதான் பெரிய தடயம். சந்தையில் ஒருவர் வாங்கும் காயைப் பார்த்தே அவர் வீட்டுக் குழம்பை ஊகிக்கிற மாதிரி! மூன்று மாற்றினால் பெரும்பாலும் கையில் ஒரு ஜோடி, அதாவது ஒரே மதிப்பில் இரண்டு சீட்டு. ஒன்று மட்டும் என்றால் இரண்டு ஜோடி இருக்கலாம், இல்லை ஒரே சின்னத்தில் நாலு சீட்டை வைத்துக்கொண்டு ஐந்தாவதுக்குக் காத்திருக்கலாம். அவர் கையிலிருந்த ஐந்து போக மீதி 47 சீட்டில் அந்தச் சின்னம் 9தான், அதனால் அது வர 47-இல் 9 வாய்ப்புதான்.

ரம்மி பழக்கத்தில் வரிசைக்கு ஒரே சின்னம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம், இங்கே 5, 6, 7, 8, 9 எந்தச் சின்னத்தில் கலந்திருந்தாலும் வரிசைதான்.