விடுமுறைக்கால அன்பளிப்புகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மார்கழி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களும், நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் வருவோரும் தந்த கண்ணாடிக் குவளை செற்றுகள், சுவர் மணிக்கூடுகள், பஞ்சுப் பொம்மைகள் என்று எங்கள் அலுமாரியும் அதன் மேற்பக்கமும் நிரம்பிவிட்டன. வீடோ சிறியது. அம்மா ஒன்றையும் எவருக்கும் கொடுக்க விடமாட்டார். இவ்வருடம் எதுவும் வேண்டாம் என்றால் உறவினர்கள் மனம் நோவார்களா?
– வாசகி, உருத்திரபுரம்

பதில்: முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிப் போரின்போது ஊர் ஊராக இடம்பெயர்ந்து, சுமந்து சென்ற சாமான்களை வழிநெடுகக் கைவிட்டு, ஈற்றில் உடுத்த உடுப்போடு முகாமுக்குப் போய்ச் சேர்ந்த தலைமுறை நம் வீடுகளில் இருக்கிறது. உங்கள் அம்மாவும் அவர்களுள் ஒருவர் என்றால், மூடி போட்ட ஒரு வெற்றுப் போத்தலைக் கூட எறிய அவருக்கு மனம் வராது. அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் இல்லாத நேரம் பார்த்து அலுமாரியை ஒதுக்குவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

அதற்குப் பதிலாக, பெட்டி பிரிக்காத குவளை செற் ஒன்றை அவரைக் கொண்டே பிரித்து அன்றாடப் பாவனைக்கு எடுங்கள். மாரியில் உறையோடு கட்டி வைத்த பஞ்சுப் பொம்மையை ஒருமுறை பிரித்துக் காட்டுங்கள். காது மடிப்பிலும் தையலோரத்திலும் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். பத்திரப்படுத்திய பொருளே பழுதாகிப் போவதைக் கண்ணால் கண்டபின், நல்லதாக இருப்பவற்றை ஊர் முன்பள்ளிக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை அவரிடமிருந்தே வரக்கூடும். அப்போது எதைக் கொடுப்பதென்று அவரே தெரிவு செய்து, தம் கையாலேயே கொடுக்கட்டும்.

உறவினர்களிடம் வெறுமனே “வேண்டாம்” என்றால் மனம் நோகத்தான் செய்யும். எது வேண்டும் என்று சொன்னால் நோகாது. பெரும்பாலானோர் ஆறுதலடைவார்கள், ஏனெனில் என்ன வாங்குவது என்று தெரியாமல்தான் அவர்கள் மணிக்கூடு வாங்குகிறார்கள். மீள்குடியேற்றத்தின் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடிதான் என்பது கனடாவிலும் சுவிஸிலும் இருப்போருக்கு நினைவில் இருப்பதில்லை. அவர்கள் கடைக்குப் போகுமுன்பே, “மகளின் சைக்கிளுக்கு இரண்டு ரயரும் ரியூப்பும் மாற்ற வேண்டும், அதைச் செய்து தந்தால் பெரிய உதவி” என்று கேளுங்கள். உரிமையுள்ள உறவிடம் தேவையைச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: என் சொந்த ஊர் முள்ளியவளை. பல வருடங்களின் பின் இம்மாரியில் குடும்பத்தோடு வருகிறோம். ஆளுக்கு 23 கிலோப் பெட்டியில் சொக்லேட்டும் சவர்க்காரமும் வாசனைத் திரவியமும் நிரப்பிக்கொண்டு வருவதுதான் வழக்கம். இம்முறை நின்று பயன் தரும் ஒன்றைப் பெரியம்மா வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் கொடுக்க விரும்புகிறோம். எதைக் கொடுக்கலாம்?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: சொக்லேட்டை முற்றாகக் கைவிட வேண்டாம், பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். ஆனால் அளவாகக் கொண்டுவாருங்கள். சவர்க்காரமும் வாசனைத் திரவியமும் இப்போது முல்லைத்தீவுக் கடைகளிலேயே கிடைக்கின்றன.

நீங்கள் வரும் காலத்தை எண்ணும்போது, வளவுள்ள வீடுகளுக்கு ஒட்டுமாங்கன்று கொடுப்பதே சிறந்தது என்று எனக்குப் படுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவமழையில் மண் நன்றாக நனைந்திருக்கும். கன்று நடுவதற்கு வன்னியில் இதைவிட நல்ல காலம் இல்லை. கறுத்தக்கொழும்பான் இன மாங்கன்றுக்கு ஆசைப்படாதவர்கள் நம்மவரில் குறைவு. கடையில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு வராமல், நீங்களும் பிள்ளைகளுமாக நின்று நட்டுக் கொடுங்கள். மூன்றடி நீள, அகல, ஆழத்தில் கிடங்கு வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய மாட்டெரு கலந்து நிரப்பி, ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி கன்றை வைக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து துளிர்ப்பவற்றை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் ஒட்டை அமுக்கிக்கொண்டு அதுவே வளர்ந்துவிடும். காற்றுக்கு ஆடாமல் ஒரு தடி நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

இதில் பலர் தவறவிடுவது கன்றைச் சுற்றி அடைக்கும் கூடு. நம் ஊரில் கட்டாக்காலி மாடும் ஆடும் விட்டுவைக்காத கன்று எது? எனவே கன்று வாங்கும் காசோடு கம்பிவலைக்கும் கட்டைக்கும் ஆகும் செலவையும் சேர்த்தே அன்பளிப்பாகக் கணக்கிடுங்கள். மழை ஓய்ந்தபின் முதல் கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரியம்மாவுக்கு வாளி தூக்க இயலாதென்றால் கிணற்றடியிலிருந்து ஒரு குழாய் நீட்டிக் கொடுங்கள். இவ்வளவும் செய்தால் மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். முதல் பூக்களை உதிர்த்துவிடச் சொல்லுங்கள், மரம் தேறட்டும்.

வளவில்லாத வீடு என்றாலோ, மரம் பார்க்க ஆளில்லை என்றாலோ, முதியவர்களுக்கு உங்கள் நேரத்தைக் கொடுங்கள். ஒருநாள் வான் பிடித்து மாமாவை வற்றாப்பளைக் கண்ணகை அம்மனிடம் கூட்டிச் செல்லலாம். கண்பார்வை மங்கியிருந்தால் கண் வைத்தியரிடம் காட்டி அளவுக்கேற்ற கண்ணாடி செய்து கொடுக்கலாம்.

திரும்பும்போது உறவினர்கள் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், வறுத்து இடித்த மிளகாய்த்தூள் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் அவர்களும் கடைப் பொம்மை வாங்கிச் செலவழிக்கமாட்டார்கள்.

கேள்வி: நத்தாருக்கு அயலவர்கள் விலையான பரிசு கொண்டுவருகிறார்கள். அந்நேரம் எங்கள் காசெல்லாம் வயலில் முடங்கிக் கிடக்கும். திருப்பிக் கொடுக்காவிட்டால் மரியாதைக்குறைவா?
– விவசாயி, முருங்கன்

பதில்: இல்லை. காலபோக நெல் வயலில் நிற்கும் மாதத்தில் கடன்பட்டுப் பரிசு வாங்குவதை எந்த நல்ல அயலவரும் விரும்பமாட்டார். வீட்டில் சுட்ட பலகாரத்தில் ஒரு பங்கை நத்தாரன்று பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். தை, மாசியில் அறுவடை முடிந்து நெல் குற்றியதும் அவ்வீட்டுக்கு நாலைந்து கொத்துப் புது அரிசி அனுப்புங்கள். அடுத்த வருடம் பெரியவர்களுக்குப் பரிசு வேண்டாம், பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று போதும் என்று இரு வீட்டாரும் பேசி வைத்துக்கொள்ளலாம். அப்பேச்சை அரிசி கொண்டுபோகும் அன்றே நீங்கள் தொடங்கலாம்.