ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டாரே, அவரிடம் போங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் 26 வருடம் வேலை, கடைசியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். ஆறு மாதத்துக்கு முன் ஆட்குறைப்பு என்று சொல்லி ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) இன்னும் வரவில்லை. ஆன்லைனில் 140 இடத்துக்கு பயோடேட்டா அனுப்பினேன். மூன்று பேர் கூப்பிட்டார்கள், வயதைக் கேட்டதும் "சொல்றோம் சார்" என்று வைத்துவிட்டார்கள். மகள் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். அக்கா மகன் 85,000 கட்டி டேட்டா சயன்ஸ் படிக்கச் சொல்கிறான். ஒரு கன்சல்டன்சி 12,000 கொடுத்தால் வேலை உறுதி என்கிறது. பி.எஃப். பணத்தை எடுத்து மச்சானோடு கடை போடலாமா என்றும் யோசனை. எங்களுக்குச் சரக்கு போட்ட பழைய வெண்டார் ஒருவர், பாடியில் இருக்கும் தன் பட்டறை ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டார், வேலை இல்லாமல் போய் எப்படி நிற்பது என்று போகவில்லை.
– பெயர் வேண்டாம், திருமுல்லைவாயல்

பதில்: சார், உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், என் கண் அங்கேதான் நின்றுவிட்டது. படிப்பு, கன்சல்டன்சி, கடை என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு பதிலையும் நீங்களே அடியில் எழுதி, "போகவில்லை" என்று அதன்மேல் ஒரு கோடும் போட்டுவிட்டீர்கள்.

முதலில் அந்த 140. அதில் பெரும்பாலான இடங்களில் உங்கள் பயோடேட்டாவை ஒரு மனிதர் திறந்தே பார்த்திருக்க மாட்டார். அனுபவம் 5 முதல் 10 வருடம் என்று தளத்திலேயே வடிகட்டி வைத்திருப்பார்கள், 26 என்று போட்டவர் சல்லடைக்கு மேலேயே தங்கிவிடுவார். அதைத் தாண்டிப் போனாலும் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஹெச்.ஆர். பிள்ளைக்கு உங்களைத் தெரியாது. இவர் சம்பளம் அதிகம் கேட்பாரா, புதுசு கற்றுக்கொள்வாரா, சின்னப் பையன் மேனேஜராக இருந்தால் மதிப்பாரா என்று அவருக்குச் சந்தேகம், அதைத் தீர்த்துக்கொள்ள அவரிடம் நேரம் இல்லை. "சொல்றோம் சார்" என்பது அந்தச் சந்தேகத்தின் மரியாதையான வடிவம், அவ்வளவுதான்.

ஆனால் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 26 வருடமாக உங்கள் ஜன்னலுக்கு முன்னால் சலானைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துக்காகக் காத்திருந்தார்களே, அவர்கள்தான். ஸ்பிரிங் போட்டவர், பெயின்ட் போட்டவர், டிரான்ஸ்போர்ட் புக்கிங் ஆபீஸ்காரர், மார்ச் 31 அன்று ஸ்டாக் எண்ண வந்த ஆடிட்டர் ஆபீஸ் பையன் (அவர் இப்போது தனி ஆபீஸ்கூடப் போட்டிருக்கலாம்), உங்களுக்கு முன்னாலேயே வேலையை விட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போன சகாக்கள். யார் சரக்கை எண்ணாமல் உள்ளே விடுவார், யார் விடமாட்டார், யார் கை நீட்டுவார், யார் நீட்டமாட்டார் என்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த ஹெச்.ஆர். ரவுண்டிலும் இது வெளிவராது.

இந்தச் சின்னப் பட்டறைகளின் இன்றைய நிலைமையையும் பாருங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில்) எடுத்தாக வேண்டும். சரக்கு வெளி மாநிலம் போகிறது, மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கை வண்டியில் அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும், தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் அது 1 லட்சம். பல பட்டறைகளில் இதையெல்லாம் முதலாளியோ அவர் மனைவியோ ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து செய்கிறார்கள். லாரி வெளியே நிற்கும், பில்லில் ஒரு எண் தப்பாக இருக்கும். ரேக்கில் என்ன இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, தீர்ந்துவிட்டது என்று அவசரமாக வாங்கிய போல்ட் அடுத்த அலமாரியில் ரெண்டு பெட்டி கிடக்கும். உங்களுக்கு இது தினசரி வேலை, அவர்களுக்குத் தலைவலி. அதற்காக முழு சம்பளத்துக்கு ஆள் போட அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் "வேலை இருக்கா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் இல்லை என்று சொல்வதைத் தவிர அவருக்கு வழியில்லை, அப்புறம் இரண்டு பேருக்குமே சங்கடம். "வாரத்துல ரெண்டு நாள் வந்து உங்க ஸ்டோரை ஒழுங்கு பண்ணித் தர்றேன், மாசக் கடைசியில ஸ்டாக் எண்ணித் தர்றேன்" என்று கேளுங்கள். இப்படி மூன்று பட்டறை சேர்ந்தால் அதுவே ஒரு தொழில். சேராவிட்டாலும், மாதவரம், வடபெரும்பாக்கம் பக்கம் கிடங்கு வைத்திருப்பவர் யாராவது "நம்பிக்கையான ஆள் வேணும்" என்று இந்தப் பட்டறைக்காரரிடம்தான் கேட்பார், அப்போது இவர் வாயில் உங்கள் பெயர் வரும்.

கூச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. நானும் 46 வயதில் ஒரு அலுவலகத்திலிருந்து வெளியே வந்தேன். முதல் ஆளுக்கு போன் செய்ய எனக்குப் பதினோரு நாள் ஆனது, அவர் எடுத்தவுடன் கேட்டது, "ஏன்யா இவ்ளோ நாள் சொல்லல?"

பயோடேட்டாவை மாற்றுங்கள். அப்பா பெயர், மதம், திருமணமானவரா என்பதெல்லாம் போகட்டும். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருட வேலை போதும், ஒரே பக்கம். வயதை மறைத்துப் பொய் சொல்ல வேண்டாம், ஆதாரைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். "26 வருட அனுபவம்" என்பதை எடுத்துவிட்டு, எத்தனை வகைப் பொருள் உங்கள் கையில் இருந்தது, வருடாந்திர எண்ணிக்கையில் வித்தியாசம் எவ்வளவுக்குள் இருந்தது, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி இறக்கினீர்கள் என்று எழுதுங்கள். நேர்முகத்தில் "உங்களைவிடச் சின்னவர்கிட்ட ரிப்போர்ட் பண்ணுவீங்களா?" என்று கேட்பார்கள். உங்கள் கம்பெனியில் சிஸ்டத்தில் ஸ்டாக் ஏற்றச் சொல்லிக்கொடுத்தது யார்? எப்படியும் உங்களைவிட இளைய பையனாகத்தான் இருந்திருப்பான். அந்தக் கதையைச் சொல்லுங்கள், அதுவே பதில். இன்னொன்று: வேலை கிடைத்த பிறகும் "எங்க பழைய கம்பெனியில இப்படித்தான் செய்வோம்" என்ற வாக்கியத்தை ஆறு மாதத்துக்கு வாயிலிருந்து விடாதீர்கள். வயதானவர்களை இளையவர்கள் வெறுக்கக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான்.

டேட்டா சயன்ஸ் வேண்டாம். அக்கா மகன் நல்ல மனதோடுதான் சொல்கிறான், ஆனால் 52 வயதில் அந்த வரிசையின் கடைசியில் போய் 22 வயதுக்காரர்களுக்குப் பின்னால் நிற்பதில் என்ன லாபம்? எக்ஸெலில் பிவட் டேபிள், டேலியில் ஸ்டாக் பகுதி, இ-வே பில் தளம், இந்த மூன்றையும் வீட்டுப் பக்கத்து சென்டரில் ரெண்டு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். வீட்டிலேயே மகள் இருக்கிறாள், அவளிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். கன்சல்டன்சிக்கு ஒரு பைசா வேண்டாம். உண்மையாக ஆள் எடுத்துத் தருகிறவர்கள் கம்பெனியிடம்தான் காசு வாங்குவார்கள். கமிஷனுக்கு மட்டும் இன்சூரன்ஸ் பாலிசி விற்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதற்கும் யோசித்துப் போங்கள். பல இடங்களில் உங்கள் உறவுக்காரர்களின் பட்டியலைத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள், பட்டியல் தீர்ந்ததும் நீங்களும் தீர்ந்தீர்கள்.

பணம். கிராஜுவிட்டி அவர்கள் போடும் பிச்சை கிடையாது, ராஜினாமா செய்தாலும் உண்டு, 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். கடைசி மாத பேசிக்கையும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வையும் (பஞ்சப்படி) கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். உங்கள் சர்வீசும் 26 என்பதால் அது அடிபட்டுப் போகிறது: இரண்டும் சேர்ந்து 20,000 வாங்கியிருந்தால் 3 லட்சம். எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். பி.எஃப்.பை முழுக்க எடுத்துக் கடையில் போடாதீர்கள். அடுத்த வேலையில் அதே யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். கணக்கு) எண்ணிலேயே தொடரலாம். பி.எஃப். பென்ஷனை 50 வயதிலிருந்தே வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான், ஆனால் 58க்கு முன்னால் வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அந்த வெட்டு ஆயுசுக்கும் தொடரும். கம்பெனி போட்டிருந்த மருத்துவக் காப்பீடு நீங்கள் வெளியே வந்ததோடு நின்றிருக்கும், அதைக் கவனித்தீர்களா? கடையைவிட அது அவசரம். மச்சானோடு கூட்டு பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், வீட்டில் சண்டை வரும்.

சம்பளம் பழையதைவிடக் குறைவாகத்தான் வரும். பி.எஃப். பிடித்து, வீட்டுக்குப் பக்கமாக, புது சாஃப்ட்வேர் ஒன்றாவது கைக்கு வரும் என்றால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் ஒப்புக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். 12 மணி நேர ஷிஃப்ட் என்றால் வேண்டாம், உடம்பு தாங்காது.

பாடிக்காரருக்கு நாளைக்கே போன் போடுங்கள். பூஜைக்கு வராததற்கு ஒரு வரி மன்னிப்பு, அப்புறம் ஸ்டோர் பேச்சு. காலையில் வேண்டாம், லோடு ஏற்றிக்கொண்டிருப்பார். சாப்பாட்டுக்கு அப்புறம், மூன்று மணிக்கு.