வேலை சென்ட்ரல் பக்கம், வீடு திருவான்மியூரில்: பறக்கும் ரயிலை நம்பலாமா?

திருவான்மியூரில் வீடு பார்க்கும் நீங்கள், சென்னைக் கடற்கரைக்கும் வேளச்சேரிக்கும் இடையே ஓடும் பறக்கும் ரயிலைத் தாராளமாக நம்பலாம். சென்ட்ரலுக்குப் பக்கத்திலுள்ள பூங்கா நகர் நிலையம் மூடியிருந்த காலத்தில் கேட்டிருந்தால் யோசிக்கச் சொல்லியிருப்பேன். இப்போது அங்கே மறுபடியும் வண்டி நிற்கிறது. உங்கள் பயணத்துக்கு அதுதான் முக்கியம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது ரயில் பாதை போட முடிவானது. சுமார் 4 கிலோமீட்டர்தான். ஆனால் கடற்கரையிலிருந்து பூங்கா நகர் வரை பறக்கும் ரயிலும் தரையில், அதே தண்டவாளங்களை ஒட்டித்தான் ஓடுகிறது. அதனால் 2023 ஆகஸ்ட் 27 முதல் அந்தப் பகுதியில் சேவையை நிறுத்தி, வேளச்சேரி வண்டிகளைச் சிந்தாதிரிப்பேட்டையோடு திருப்பினார்கள். ஏழு மாதம் என்று சொன்னது பதினான்கு மாதம் ஆனது. 2024 அக்டோபர் 29 அன்று மறுபடியும் கடற்கரை வரை வண்டி ஓடியது.

ஓடியதே தவிர, பூங்கா நகரில் நிற்கவில்லை. எனக்கு அந்த மாதங்கள்தான் அதிகக் கஷ்டம். அம்மாவை ஜி.எச்.சுக்கு (அரசுப் பொது மருத்துவமனை) அடிக்கடி அழைத்துப் போகிறவன் நான். ஆஸ்பத்திரிக் கட்டடம் ஜன்னல் வழியாகத் தெரியும், வண்டி நேராக அடுத்த நிலையமான கோட்டைக்குப் போய்விடும். அங்கே இறங்கி, தாம்பரம் வண்டி பிடித்து ஒரு நிலையம் திரும்பி வந்து, பூங்கா நகருக்குப் பக்கத்திலுள்ள பார்க் நிலையத்தில் இறங்க வேண்டும். இல்லையென்றால் சிந்தாதிரிப்பேட்டையிலேயே இறங்கி ஆட்டோ. முட்டி வலியுள்ள ஒருவரை இப்படி ஏற்றி இறக்குவது எவ்வளவு கொடுமை என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வரைபடத்தில் பூங்கா நகர் ஒரு சின்ன நிலையம். ஆனால் இறங்கினால் ஜி.எச். பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரம், செங்கல்பட்டு வண்டிகளுக்குப் பார்க் நிலையம். சாலையைத் தாண்டினால் சென்ட்ரல், மெட்ரோ, கூடவே அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிகள் கிளம்பும் மூர் மார்க்கெட் வளாகம். இத்தனை பாதைகளுக்கு மாறுகிற இடத்தை மூடிவிட்டு மற்றதையெல்லாம் திறந்து வைத்தால் பாதிப் பயன்தான். அது திறந்த பிறகுதான் என்னைப் பொறுத்தவரை பறக்கும் ரயில் முழுதாகத் திரும்பி வந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். திருவான்மியூரில் ஏறினால் வண்டி மாறாமல் பூங்கா நகர். மயிலாப்பூர் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தோண்டி வைத்திருக்கும் சாலைகளில் பேருந்து ஊர்ந்துகொண்டிருக்கும்போது, நீங்கள் மேலே போய்க்கொண்டிருப்பீர்கள். கட்டணமும் மிகக் குறைவு, குறைந்தபட்சம் 5 ரூபாய்தான். தினமும் போவதென்றால் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ மாதிரி நினைத்த நேரத்தில் போய் நின்றால் வண்டி வராது. நெரிசல் நேரம் தாண்டினால் இடைவெளி நன்றாகவே கூடிவிடும். கால அட்டவணையைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாகப் பாருங்கள். இந்தப் பாதையில் நிலையக் கட்டடங்கள் பெரிது, ஆட்கள் குறைவு. இரவில் தாமதமாகத் திரும்புகிற வேலை என்றால், குறிப்பாகப் பெண்கள், கூட்டமுள்ள பெட்டியாகப் பார்த்து ஏறுவது நல்லது. நாங்கள் ஏறும் நிலையத்தில் நகரும் படிக்கட்டு பல நாள் நின்றே கிடக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் நீங்கள் ஏறப்போகும் நிலையத்தில் லிஃப்ட் ஓடுகிறதா என்று ஒருமுறை நேரில் பாருங்கள்.

அப்புறம், வீடு பார்க்கும்போது தரகர் சொல்லும் 'ஸ்டேஷன் பக்கம்தான்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து நடைமேடை வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.