டெய்லர் பதில்கள்: எட்டு கஜக் கில்ட்டா, பாக்கெட் வைத்த கில்ட்டா?

போன மாதம் பழைய கோட்டைப் பிரித்து அளவு குறைப்பதைப் பற்றி எழுதும்போது, ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டும் கில்ட் ஒன்றை ரிப்பேர் பார்த்ததைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஜாக்கெட் கழுத்து இறங்குவது, ஜிப் கடிப்பது எல்லாம் அடுத்த மாதம் பார்ப்போம்.

கில்ட் என்பது ஆம்பளைப் பாவாடைதானே அண்ணே? அதற்கு எதற்கு இத்தனை பில்டப்?
(உசிலம்பட்டி வாசகர்)

பாவாடைக்குச் சுற்றிலும் சுருக்கம், உள்ளே நாடா, அவ்வளவுதான் தம்பி. கில்ட்டை அவிழ்த்துத் தரையில் விரித்தால் நீளமான ஒரே துண்டு. இரண்டு முனையிலும் மடிப்பில்லாத மட்டத் துணி, நடுவில் முழுக்க மடிப்பு. சுற்றிக் கட்டும்போது மட்டத் துணி இரண்டும் முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும், மடிப்பெல்லாம் பின்பக்கம் போய்விடும். தோல் பட்டையும் பக்கிளும் போட்டு இறுக்குவார்கள். பாவாடையை விட வேட்டிக்குத்தான் அது கிட்டத்துச் சொந்தம். பில்டப் எல்லாம் அந்தப் பின்பக்க மடிப்புக்காக.

என் மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான். பட்டமளிப்பு விழாவுக்குக் கில்ட் கட்ட வேண்டும் என்று ஆசை. கம்பளியில் பழைய முறைப்படி தைத்தது வாங்கவா, இப்போது வரும் லேசான மாடல் வாங்கவா என்று கேட்கிறான். நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதை வாங்கச் சொல்கிறேன்.
(மதுரை அண்ணா நகரிலிருந்து ஒரு தாய்)

பெரிய பொறுப்பைத் தலையில் வைத்துவிட்டீர்கள் அம்மா. நான் பார்த்ததைச் சொல்கிறேன், அதிலிருந்து முடிவு செய்யுங்கள்.

புதுமண்டபத்தில் தூணோரம் மெஷின் போட்டிருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்திருக்கும் கடை என்னுடையது. சித்திரைத் திருவிழா முடிந்து கை ஓய்ந்திருந்த ஒரு வைகாசியில், எடின்பரோவிலேயே இருபது வருஷமாக இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவர் வந்தார். தங்கை மகள் கல்யாண ரிசப்ஷனில் கட்டுவதற்காகக் கில்ட் கொண்டு வந்திருக்கிறார். பெட்டியைத் திறந்தால் பின் மடிப்பு இரண்டில் அந்துப்பூச்சி அரித்த ஓட்டை. ரிசப்ஷனுக்கு ஐந்து நாள்தான் பாக்கி.

கையில் வாங்கியதும் முதலில் தெரிந்தது கனம். பக்கத்துக் கடைத் தராசில் போட்டோம், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு கஜம் கம்பளி. முழக் கணக்கில் பதினாறு, அதாவது எட்டு முழ வேட்டி இரண்டு. மடிசார் கட்டும் மாமிகளோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு கஜம்தான் கம்மி. கெட்டித் துணியைக் கஜத்துக்கு 16 அவுன்ஸ் என்பார்களாம். தறியில் இரட்டை அகலமாக வருவதால் நாலு கஜம் வாங்கி, நடுவில் கிழித்து, எட்டு கஜமாக இணைத்துக்கொள்வார்கள்.

சரி, ஓட்டையை அடைக்க நூல் வேண்டும். அந்தக் கட்டம் போட்ட துணியின் பச்சைக்கும் கருநீலத்துக்கும் மாசி வீதி முழுக்க அலைந்தாலும் சேராது. இடுப்புப் பட்டி ஓரம் கொஞ்சம் பிரித்து, உள் மடிப்பில் மறைந்திருந்த துணியிலிருந்தே இழை உருவி, அதே இழையால் ஓட்டினேன். அப்படிப் பிரித்தபோதுதான் உள்ளே இருந்த வேலையைப் பார்த்தேன்.

மொத்தம் 27 மடிப்பு. ஒவ்வொன்றும் வெளியே ஒரு இஞ்ச்தான் தெரிகிறது, உள்ளே மூன்று இஞ்சுக்கு மேல் ஆழம். இடுப்பிலிருந்து புட்டம் வரைக்கும் கையால் தைத்திருக்கிறார்கள், அதற்குக் கீழே மடிப்பு தானாகத் தொங்குகிறது. மேலே இடுப்பு சிறுத்துப் போவதால் மடிப்பும் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். அப்படிச் சிறுத்தும் கட்டம் பிசகவில்லை. ஒரு மடிப்பின் கோடு முடியும் இடத்தில் அடுத்த மடிப்பின் கோடு வந்து சேருகிறது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பின்பக்கம் மடிப்பே தெரியாது, முழுத் துணியைப் பரப்பி ஒட்டியது போல இருக்கும். நடக்கும்போதுதான் பிரிந்து ஆடும். பட்டாளத்துக்காரர்களுக்கு வேறு மாதிரி: எல்லா மடிப்பிலும் ஒரே கோடு நடுவில் வருகிற மாதிரி பிடிப்பார்கள், நின்றால் வரிவரியாகத் தெரியும்.

கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். மடித்துத் தைக்கவே இல்லை! தறியில் விழுந்த கரையே ஓரமாக இருக்கிறது. மடித்துத் தைத்தால் மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று படியாது, அதுதான் காரணம். நாற்பது வருஷமாகத் தொழில் பார்க்கிற எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இப்போது உங்கள் மகன் விஷயம். ஒரே ஒரு நாள் விழா என்றால் வாங்கவே வேண்டாம். அங்கே கல்யாணத்துக்கும் விழாவுக்கும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் தாராளமாக உண்டு. ஸ்போரன் என்று முன்னால் தொங்கவிடும் தோல் பை, முழங்கால் வரை வரும் காலுறை, ஷூ எல்லாம் சேர்த்தே கிடைக்கும். அங்கேயே வேலை கிடைத்துத் தங்கப் போகிறான் என்றால் கம்பளியில், 13 அவுன்ஸ் துணியில் வாங்கட்டும். அந்தக் குளிருக்கு அது உழைக்கும். மதுரைக்குக் கொண்டு வந்து பீரோவில் வைப்பதாக இருந்தால் மட்டும் பாலியெஸ்டர் விஸ்கோஸ் கலந்தது போதும். மெஷினில் துவைக்கலாம், அந்து தொடாது. ஆனால் கனம் கிடையாது, காற்றடித்தால் தூக்கும். அதையும் பையனிடம் சொல்லி வையுங்கள்.

உள்ளே என்ன போடுவார்கள்?
(சிம்மக்கல், தேனி, பரமக்குடி, இன்னும் ஒன்பது பேர்)

வாடகைக் கில்ட் என்றால் கண்டிப்பாகப் போடுங்கள். உங்களுக்கு முன்னால் கட்டியவரை உங்களுக்குத் தெரியாது. அடுத்த கேள்வி.

பாரம்பரியம், பாரம்பரியம் என்கிறீர்கள். இந்த எட்டு கஜக் கில்ட் எத்தனை நூற்றாண்டுப் பழசு ஐயா?
(போடியிலிருந்து ஓர் ஆசிரியர்)

சரியான இடத்தில் பிடித்தீர்கள் சார். நம்ம எடின்பரோக்காரர் ரிசப்ஷன் முடிந்து நன்றி சொல்ல வந்தபோது, டீ குடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் இதைத்தான் கேட்டேன்.

முதலில் இருந்தது தைக்காத துணி. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள் பெரிய கம்பளித் துணியைத் தரையில் விரித்து, கையாலேயே கொசுவம் பிடித்து, அதன்மேல் படுத்து, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எழுந்திருப்பார்களாம். மேல்பாதியைத் தோளில் போட்டுக்கொள்வது. மழை வந்தால் அதுவே முக்காடு, ராத்திரிக்கு அதுவே போர்வை. பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மேல்பாதியை விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் கட்டும் வழக்கம் வந்தது. அதைக் கொண்டு வந்தவர் தாமஸ் ராலின்சன் என்று சொல்வார்கள். இரும்பு உலை நடத்தியவர், அதிலும் இங்கிலாந்துக்காரர். உலைக்கு முன்னால் தோளில் துணியோடு வேலை பார்க்க முடியுமா? இதை ஒப்புக்கொள்ளாத ஸ்காட்லாந்துக்காரர்களும் உண்டு.

மடிப்பைத் தைத்து நிறுத்தியது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். நடுவில் தடை வேறு. ராஜாவை எதிர்த்து நடந்த 1745 கலகத்துக்குப் பிறகு 1746-ல் சட்டம் போட்டார்கள். கில்ட்டோடு மாட்டினால் ஆறு மாதச் சிறை, மறுபடியும் மாட்டினால் ஏழு வருஷம் கடல் தாண்டி நாடு கடத்தல். பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. 1782 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது. அப்புறம் 1822-ல் நாலாம் ஜார்ஜ் ராஜா எடின்பரோவுக்கு வந்தபோது அவரே கில்ட் கட்டி நின்றார். தடை போட்ட அரசாங்கத்தின் ராஜா! நம்ம ஊரில் 2014-ல் சென்னை கிளப் ஒன்றில் வேட்டி கட்டிய நீதிபதியை உள்ளே விடாமல், கடைசியில் வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றமே சட்டம் போட்டதே, அது ஞாபகம் வந்தது எனக்கு.

ஆக, தரையில் படுத்துக் கட்டியவனுக்கு இந்தத் தைத்த கில்ட்தான் ‘மாடர்ன்’. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நான் தைக்கும் சல்லடமும் அப்படித்தான். என் அப்பா தைத்ததில் இந்தச் சமிக்கி எல்லாம் கிடையாது. இன்றைக்குச் சமிக்கி இல்லாமல் கொடுத்தால், “என்னண்ணே, பழைய முறைப்படி தைக்கலையா?” என்று கேட்கிறார்கள்.

சியாட்டில் பக்கம் காட்டன் துணியில் பெரிய பாக்கெட் எல்லாம் வைத்துக் கில்ட் விற்கிறார்களாம். நம்ம ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி மாதிரிதானே அண்ணே அது? அதில் என்ன தப்பு?
(காளவாசல், ஐ.டி. தம்பி)

தப்பென்று நான் சொல்லவில்லையே தம்பி. 2000 வாக்கில் அந்த ஊரில் ஆரம்பித்தது. கெட்டிக் காட்டன், பிரஸ் பட்டன், இரண்டு பக்கமும் பாக்கெட், தொப்புளுக்குக் கீழே ஜீன்ஸ் மாதிரி இறக்கிக் கட்டுவது. எடின்பரோவிலேயே டெனிமிலும் தோலிலும் தைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏணியில் ஏறி வேலை பார்க்கிறவனுக்கு ஸ்போரன் முன்னால் ஆடிக்கொண்டிருந்தால் சரிப்படுமா? சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும் வைக்கப் பாக்கெட்தான் சரி.

என் சங்கடம் வேறு. ஒட்டிக்கோ வேட்டியில் பாக்கெட் உள்பக்கம் தொங்கும், வேட்டி விழும் அழகு கெடாது. இந்தக் கில்ட்டில் பாக்கெட்டைப் பக்கவாட்டு மடிப்பின் மேலேயே வைத்து அடிக்கிறார்கள். நீங்கள் அதில் போனையும் பைக் சாவியையும் போட்டால் அந்த மடிப்பு இழுத்துக்கொண்டு நிற்கும், மற்றதெல்லாம் ஆடும். பல் விழுந்த வாய் மாதிரி. துணியை மிச்சம் பிடிக்க மடிப்பை ஒரு இஞ்ச் ஆழத்தில் நிறுத்தியதையும் ஒன்று பார்த்தேன். ஒருத்தர் ஆன்லைனில் வாங்கி, இடுப்பைப் பிடிக்கக் கொண்டு வந்திருந்தார். ஸ்கூல் யூனிஃபார்ம் ஸ்கர்ட்டுக்குக்கூட நாங்கள் அதைவிட ஆழமாக வைப்போம்.

உங்களுக்கே ஒன்று வேண்டுமென்றால் எதைக் கட்டுவீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள்.
(திருமங்கலம் வாசகி)

மழுப்பவில்லை தாயி. கட்டியும் பார்த்துவிட்டேன்.

அந்தக் கம்பளிக் கில்ட்டைத் தொடுவதற்கு முன்னால் கை பழகட்டும் என்று, கட்டம் போட்ட கைலித் துணியில் மடிப்புப் பிடித்துப் பார்த்தேன். டார்ட்டன் என்கிற அந்தக் கில்ட் கட்டத் துணியில் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்க ஆறேழு இஞ்ச் ஆகும், ஒரு மடிப்புக்கு ஒரு கட்டம் என்று கணக்கு. என் கைலியில் இரண்டு இஞ்சுக்கே கட்டம் திரும்பி வந்துவிட்டது. அதனால் மூன்று கட்டத்தை ஒரு மடிப்பில் அடக்கினேன். முதல் நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் கோடு கோட்டோடு சேர்ந்தது. வீட்டுக்காரிக்குப் போன் போட்டுச் சொன்னேன், “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அதை அப்படியே விட மனசு வரவில்லை. ஐந்து கஜத்தில் முடித்து, ஓரத்துக்குக் கைலிக் கரையையே விட்டு, பழைய பெல்ட்டை வெட்டிப் பட்டை வைத்தேன். பாக்கெட் கிடையாது. மடிப்பு முழுக்கக் கைத்தையல். துணி புதுசு, வேலை பழசு. நான் கட்டுவது அதைத்தான். இரண்டு கிலோ கம்பளியை மதுரை அக்னி நட்சத்திரத்தில் கட்டச் சொன்னால் ஸ்காட்லாந்துக்காரனே ஓடிவிடுவான். வீட்டு மொட்டை மாடியில் ராத்திரி நடக்கும்போது கட்டிக்கொள்வேன். திரும்பும்போது பின்னால் மடிப்பு ஒரு கணம் தாமதித்து வந்து காலில் படும் பாருங்கள், அது நாலு முழ வேட்டியில் கிடைக்காது. தெருவில் கட்டிப் போகச் சொன்னால் மாட்டேன். டீக்கடைக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டு இன்னும் விடவில்லை.

மதுரையிலேயே தைத்துத் தருவீர்களா?
(விருதுநகர், மேலூர், பழங்காநத்தம்)

காட்டன் என்றால் தருவேன். ஐந்து கஜத் துணி நீங்களே கொண்டு வாருங்கள், கட்டம் பெரிதாக இருக்கட்டும். எட்டு கஜக் கம்பளி வேண்டாம். பழகிய கை அங்கேயே முழுக் கில்ட்டுக்கு இருபது மணி நேரம் எடுக்கும் என்றால், எனக்கு நாற்பது ஆகும், உங்களுக்குக் கூலி கட்டாது.

அளவு எழுதி அனுப்பும்போது பேண்ட் இடுப்பு அளவை அனுப்பாதீர்கள். தொப்புளுக்கு நேரே ஒரு சுற்று, புட்டத்தில் ஒரு சுற்று. நீளத்துக்கு, தொப்புளிலிருந்து முழங்கால் சிரட்டையின் நடு வரை. கட்டிக்கொண்டு மண்டி போட்டால் ஓரம் தரையில் படாமல் ஒரு இஞ்ச் மேலே நிற்க வேண்டும். சித்திரைத் திருவிழா முடிகிற வரை அனுப்ப வேண்டாம், சல்லடம் ஆர்டரே இன்னும் நூற்றுக்கு மேல் கிடக்கிறது.