"பேன் பண்ணிட்டாங்க அண்ணாச்சி": கேம் சர்வர் தடைகள் பற்றிக் கேள்வி பதில்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து விளையாடும் எங்கள் குழுவில், "காரணமே சொல்லாமல் தூக்கிட்டாங்க" என்ற புலம்பல் வாராவாரம் வந்துகொண்டே இருக்கும். நான் சில கேம் சர்வர்களில், அதாவது ஒரு கேமை விளையாடுபவர்கள் கூடிப் பேசும் ஆன்லைன் அறைகளில், மாடரேட்டராக (விதி மீறுபவர்களைக் கவனித்து வெளியேற்றுபவராக) இருப்பவன். அதனால் கேள்விகளையெல்லாம் திரட்டி என் தலையில் கட்டிவிட்டார்கள். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை: டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் ஒரு கேமின் அதிகாரபூர்வ சர்வரிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். "விதி 3 மீறல்" என்று ஒரே வரி. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரிடம் கேட்பது அண்ணாச்சி?

தம்பி, முதலில் தூக்கியது யார் என்று பாருங்கள். கேமுக்குள்ளேயே நுழைய முடியவில்லை என்றால் அது கேம் கம்பெனி. டிஸ்கார்ட் அக்கவுண்டே திறக்கவில்லை என்றால் டிஸ்கார்ட். மற்ற எல்லாம் ஓடுகிறது, அந்த ஒரு சர்வர் மட்டும் காணவில்லை என்றால் அந்த சர்வரின் மாடரேட்டர். உங்களுடையது மூன்றாவது வகை. இதற்கு டிஸ்கார்ட் கம்பெனிக்கு எழுதிப் பிரயோசனம் இல்லை. ஒரு சர்வருக்குள் யாரை வைத்துக்கொள்வது என்பது அந்த சர்வர்காரர்கள் பாடு என்று கையை விரித்துவிடுவார்கள். "அதிகாரபூர்வம்" என்று பச்சைக் குறி இருந்தாலும் உள்ளே மாடரேட்டர்களாக இருப்பவர்கள் பல இடங்களில் சம்பளமில்லாத ஆர்வலர்கள்தான். கம்பெனி ஊழியருக்கு உங்கள் விஷயம் தெரிந்தே இருக்காது.

எழுதுவதாக இருந்தால் சீக்கிரம் எழுதுங்கள். யார் யாரை எப்போது தூக்கினார் என்று டிஸ்கார்ட் வைத்திருக்கும் ஆடிட் லாக் 45 நாள்தான் நிற்கும். தனியாகப் பாட் (தானியங்கி நிரல்) வைத்துப் பதிவு செய்யாத சர்வராக இருந்து, மாடரேட்டரும் காரணப் பெட்டியை வெறுமையாக விட்டிருந்தால், அதற்கப்புறம் எதற்காகத் தூக்கினோம் என்பது அவர்களுக்கே தெரியாது. கேட்டால், "ஏதோ காரணம் இருக்கும், இல்லாமலா தூக்கியிருப்போம்" என்பார்கள். நான் பார்த்த அநியாயங்களில் பாதி இப்படித்தான் நிரந்தரமாகிவிட்டது.

அப்பீலை நீட்டி எழுத வேண்டாம். உங்கள் ஐடி, தேதி, அன்றைக்கு எந்தச் சேனலில் என்ன பேச்சு ஓடியது என்பது போதும். அப்புறம் இரண்டு வேண்டுகோள்: எந்தச் செய்திக்காகத் தடை என்று காட்டுங்கள், தடை போட்டவர் அல்லாமல் இன்னொருவர் இதைப் பார்க்கட்டும். இந்த இரண்டாவதைத்தான் யாருமே கேட்பதில்லை. அடித்தவரிடமே போய் "ஏன் அடித்தீர்கள்" என்று கேட்டால் என்ன பதில் வரும்? வேறொரு மாடரேட்டர் அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து பார்த்தாலே சில தடைகள் அன்றைக்கே எடுபட்டுவிடும்.

அம்பாசமுத்திரம்: கூட விளையாடும் நண்பனை "எலே, கவர் குடுலே" என்றேன். மரியாதைக் குறைவு என்று ஒரு வாரம் மியூட் (பேச முடியாதபடி வாயடைப்பு). அந்த மாடரேட்டர் சென்னைக்காரர்.

ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும், விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். ஆனால் இந்த மாதிரி மியூட்டுகள் கணக்கில் ஏறும். மூன்று சேர்ந்தால் பேன் என்று பல சர்வர்களில் இருக்கிறது. அதனால் அந்த நண்பனையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: "என்னைத்தான் சொன்னான், எனக்கு வருத்தமில்லை." இதைவிடப் பெரிய சாட்சி வேறு கிடையாது. நம்மூரில் லே போடாமல் பேசினால்தான் ஏதோ கோபம் என்று அர்த்தம், அது அவருக்கு எப்படித் தெரியும்?

மனிதராவது கேட்டால் புரிந்துகொள்வார். வடிகட்டி மென்பொருள் புரிந்துகொள்ளாது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது "ஆனால்" என்ற அப்பாவிச் சொல் ஆங்கிலத்தில் அசிங்கமான சொல்லாக மாறி, செய்தியையே விழுங்கிவிடும். தமிழ் எழுத்திலேயே தட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அபிஷேகப்பட்டி, கல்லூரி விடுதி: எங்கள் விடுதியில் ஒருத்தன் ஹேக் (ஏமாற்று மென்பொருள்) போட்டு விளையாடினான். அவனைத் தூக்கியதோடு, ஒன்றுமே செய்யாத எங்களையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள்.

இது ஐபி தடை, அதாவது ஆளை அல்ல, இணைய முகவரியை அடைப்பது. விடுதி வைஃபையில் நீங்கள் எல்லோரும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத்தான் தெரிவீர்கள். அவனுடைய முகவரியை அடைத்தால் உங்களுடையதும் அடைபடும். ஆனித் தேரோட்டத்தன்று ஒருவன் பிக்பாக்கெட் அடித்தான் என்று ரதவீதி முழுவதையும் பூட்டுவது போலத்தான்.

மொபைல் டேட்டா என்றால் கதை இன்னும் மோசம். பழைய வகை ஐபி முகவரிகள் உலகத்தில் மொத்தமே சுமார் 430 கோடிதான். நம் நாட்டு மொபைல் கம்பெனிகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்கக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே முகவரியின் பின்னால் பல வாடிக்கையாளர்களை அடைத்து வைக்கிறார்கள். இதை சி.ஜி.நாட் என்பார்கள். வள்ளியூரில் ஒருவன் செய்த வினைக்கு முகம் தெரியாத இன்னொருவனுக்குக் கதவு மூடும். கொஞ்ச நேரத்தில் முகவரி மாறி, உண்மையான ஹேக்கர் ஜாலியாகத் திரும்பி வந்துவிடுவான். வீட்டுக்கு வீடு தனி முகவரி இருக்கும் ஊர்க்காரர்கள் யோசித்து வைத்த ஆயுதம் அது. இங்கே அதை வைத்து மாதக்கணக்கில் தடை போடும் மாடரேட்டரை நான் சோம்பேறி என்றுதான் சொல்வேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: எல்லோரும் சேர்ந்து ஒரே அப்பீல் எழுதாதீர்கள், அது கும்பல் போலத் தெரியும். ஆளாளுக்கு எழுதுங்கள். "பொது நெட்வொர்க், விடுதி" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். உங்கள் அக்கவுண்ட் எப்போது தொடங்கியது, அன்றைக்கு எந்த மேட்ச் விளையாடினீர்கள் என்று கொடுங்கள். விபிஎன் (முகவரியை மறைக்கும் ஆப்) போட்டு உள்ளே போகவே போகாதீர்கள். தடையை ஏமாற்றினார் என்று அதற்காகவே தனியாக ஒரு பேன் விழும், அது நியாயமான பேன் ஆகிவிடும்.

திசையன்விளை: நாலாயிரம் ரூபாய் கொடுத்து பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேமின் ஐடி ஒன்று வாங்கினேன். பத்து வருடத் தடை என்று வருகிறது.

திரும்பாது. ஐடி விற்பதும் வாங்குவதும் விதிப்படியே தப்பு. விற்றவன் அதற்கு முன்னால் என்ன ஹேக் போட்டான் என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

சேரன்மகாதேவி: கம்பெனிகளின் ஹேக் கண்டுபிடிக்கும் மென்பொருள் தப்பே செய்யாதாமே? எங்கு கேட்டாலும் "எங்கள் சிஸ்டம் சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள்.

தப்பு செய்யும், செய்திருக்கிறது, ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். 2010 ஜூலையில், கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் வேக் (VAC) என்ற ஹேக் கண்டுபிடிக்கும் மென்பொருள், மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற கேமை விளையாடிய சுமார் 12,000 பேரை ஹேக்கர் என்று முத்திரை குத்தித் தள்ளியது. கேம் ஃபைலை ஸ்டீமே அப்டேட் செய்துகொண்டிருந்த நேரத்தில் டிஸ்கில் இருந்ததும் மெமரியில் ஓடிக்கொண்டிருந்ததும் பொருந்தாமல் போயிருக்கிறது. மென்பொருள் அதை ஹேக் என்று எடுத்துக்கொண்டது. ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனியின் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பி, ஆளுக்கு ஒரு லெஃப்ட் 4 டெட் 2 கேம் இலவசமாகவும், நண்பருக்குப் பரிசளிக்க இன்னொன்றும் கொடுத்தார். வேக் தடை என்றால் பேச்சுக்கே இடமில்லை, நிரந்தரம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே கம்பெனி!

2023 அக்டோபரில் இன்னொன்று. சிப் தயாரிக்கும் ஏஎம்டி கம்பெனி தன் கிராபிக்ஸ் டிரைவரில் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளில்) ஆன்டி லேக் பிளஸ் என்ற வசதியைக் கொடுத்தது. அது வால்வின் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 கேமின் உள் ஃபைல்களைத் தொட்டது, ஹேக்குகள் தொடுகிற அதே மாதிரி. டிரைவரில் ஒரு பட்டனைத் தட்டியவர்களுக்கெல்லாம் தடை. கடைசியில் ஏஎம்டி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, வால்வ் தடைகளை எடுத்துக்கொடுத்தது.

இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, ஒரே நேரத்தில் ஒரே காரணத்துக்காக நிறையப் பேர் மாட்டினார்கள். அதனால்தான் கம்பெனி திரும்பிப் பார்த்தது. உங்களுக்குத் தடை வந்தால் அதே நாளில் வேறு யாருக்கெல்லாம் வந்தது, என்ன டிரைவர், என்ன போன், பின்னால் என்ன ஆப் ஓடியது என்று தேடுங்கள். "நான் நல்லவன்" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு பட்டியலுக்குத்தான் மதிப்பு.

திருநெல்வேலி, சட்டக் கல்லூரி மாணவி: இதற்கெல்லாம் சட்டப்படி வழி உண்டா?

உண்டு தங்கச்சி, ஆனால் குறுகலான வழி. 2021 இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, பிறர் எழுதுவதைத் தாங்கி நிற்கும் தளங்கள் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தைத் தளத்திலேயே போட வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளில் முடிக்க வேண்டும் என்று அப்போது எழுதினார்கள். 50 லட்சம் பேருக்கு மேல் பயனர்கள் உள்ள பெரிய சமூக வலைத்தளமாக இருந்து, அது தானாகவே ஒரு பதிவை நீக்கினால், காரணத்தைச் சொல்லவும் மறுப்புச் சொல்ல வாய்ப்புத் தரவும் வேண்டும். அதிகாரி கொடுத்த பதில் பிடிக்கவில்லையா? 2022 திருத்தத்தில் வந்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே போகலாம். கட்டணம் இல்லை, சென்னைக்கோ டெல்லிக்கோ அலையவும் வேண்டாம்.

குறுகல் எங்கே என்றால், இதெல்லாம் தளத்தை நடத்தும் கம்பெனியைக் கட்டும். கம்பெனியின் தளத்தில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சர்வரில் ஒரு தன்னார்வலர் உங்களைத் தூக்கினால் இந்தச் சட்டத்தை நீட்டிப் பலன் கிடைப்பது கடினம். காசு கொடுத்து வாங்கிய பொருள் அக்கவுண்டோடு போனால் மட்டும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை யோசிக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போட அது இடம் தருகிறது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

பெருமாள்புரம், ஒரு தாய்: எட்டாவது படிக்கும் மகன் ஐடி போய்விட்டது என்று சாப்பிடாமல் கிடக்கிறான். டெலிகிராமில் ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்கிறாராம்.

அம்மா, ஒரு பைசா அனுப்பாதீர்கள். கம்பெனி போட்ட தடையை எடுக்கும் ஆள் டெலிகிராமில் இருக்க மாட்டார். ஓடிபி, பாஸ்வேர்டு ஏதாவது கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பையனிடம் "இதுக்குப் போயா அழுவே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் கூட்டாளிகள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள், அவன் மட்டும் வெளியே நிற்கிறான். அவனை உட்கார வைத்து, கேமுக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தில் அப்பீலை அவன் கையாலேயே எழுத வையுங்கள்.

களக்காடு: நானே ஒரு கிளான் (விளையாட்டுக் குழு) சர்வரில் மாடரேட்டர். சாதி தெரிகிற மாதிரி பெயர் வைத்திருந்த ஒரு கூட்டத்தைத் தூக்கினோம். "எதிர்க் கூட்டம் அதே மாதிரி பெயரோடு உள்ளேதானே இருக்கு, நீ அவங்க ஆளா?" என்று கேட்கிறார்கள்.

கேட்பது சரியான கேள்வி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் மாவட்டத்து மாடரேட்டர் வெளியூர்க்காரரைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பிள்ளைகள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்றது. கையில் கயிறு இல்லாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு வண்ண இமோஜியாகவும், பெயரின் முன்னால் மூன்றெழுத்தாகவும் அது வந்து நிற்கிறது. வெளியூர் மாடரேட்டருக்கு அது வெறும் அலங்காரம். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் விதியைப் பொதுவாக "வெறுப்புப் பேச்சு கூடாது" என்று எழுதாமல், சாதிப் பெயர், பட்டம், வண்ணக் குறி, தலைவர் படம் எதுவும் பெயரிலும் படத்திலும் கூடாது என்று பச்சையாக எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே பின் (pin) செய்து வையுங்கள். இரு தரப்புக்கும் 48 மணி நேரம் கொடுத்துப் பெயரை மாற்றச் சொல்லுங்கள். மாற்றாதவர்களை ஒரே நாளில், ஒரே காரணம் எழுதித் தூக்குங்கள். உங்கள் தெருக்காரனின் அப்பீலை நீங்கள் பார்க்காதீர்கள், இன்னொரு மாடரேட்டரிடம் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தூக்கியவர்களுக்கும் பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வர ஒரு வாய்ப்புக் கொடுங்கள். ஒரு தரப்பை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு விதி என்று பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள். தனியாளைச் சாதி சொல்லித் திட்டியவர்களுக்கு இந்த வாய்ப்பெல்லாம் கிடையாது. ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துவைத்துக்கொண்டு உடனே தூக்குங்கள், திட்டு வாங்கியவர் போலீசுக்குப் போக நினைத்தால் அதை அவரிடம் கொடுங்கள்.

பேட்டை: அரசியல் பேசினால் கேமிலிருந்தே தூக்குவார்களா?

2019 அக்டோபரில் ஹார்த்ஸ்டோன் என்ற கேமின் போட்டி முடிந்த பேட்டியில் ஹாங்காங் போராட்டத்துக்கு ஆதரவாகப் பேசிய வீரரை, அந்தக் கேமின் கம்பெனியான பிளிசார்ட் ஒரு வருடம் தடை செய்து பரிசுப் பணத்தையும் நிறுத்தியது. ஊர் உலகமெல்லாம் கத்திய பிறகு ஆறு மாதமாகக் குறைத்துப் பணத்தைக் கொடுத்தார்கள். நம் பையன் ஒருத்தன் மாட்டினால் அந்தச் சத்தம் போட ஆள் இருக்காது, அதனால் போட்டி மேடையில் பேசுவதற்கு முன் ஒப்பந்தத்தை வாசித்துவிடுங்கள்.

சங்கரன்கோவில்: அப்பீல் போட்டு மூன்று வாரம் ஆகிறது, பதிலே இல்லை. வேறு ஐடியில் போய்விடவா?

போகாதீர்கள். பழைய அப்பீலின் தேதியைக் குறிப்பிட்டு ஒரே ஒரு நினைவூட்டல் போடுங்கள். தினமும் போட்டால் ஸ்பேம் என்று அதையும் அடைத்துவிடுவார்கள். அதற்கும் பதில் வரவில்லை என்றால், அந்தக் கேமுக்கு வேறு தமிழ் சர்வர்கள் இருக்கின்றன, ஐடியை மாற்றாமல் அங்கே போய் விளையாடுங்கள். எங்கள் குழுவில் இந்த வாரம் இரண்டு இடம் காலியாகத்தான் இருக்கிறது.