சாவி போட்டா மட்டும் வர்ற கரண்ட்ட எங்க எடுக்கறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (குடியாத்தம் வாசகர்): அண்ணா, கார்ல டேஷ்கேம் மாட்டிக் குடுத்த கடைல வயர நேரா பேட்டரி லைன்ல சொருகிட்டாங்க, ரெண்டு மூணு நாள் வண்டி எடுக்கலன்னா ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. சாவி ஆஃப் பண்ணா கேமராவும் ஆஃப் ஆவணும். எந்த கலர் வயர்ல எடுக்கணும்னு சொன்னீங்கன்னா நானே மாத்திக்குவேன், வேற இன்னா பண்றதுன்னும் சொல்லுங்க.

பதில்: தம்பி, கலர நம்பி மட்டும் வயர கட் பண்ணிடாதீங்க. கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறும், ஒரே மாடல்லயே வருஷம் மாறுனா மாறும்.

வண்டில மூணு விதமா கரண்ட் வரும். சாவி எடுத்தாலும் இருக்கறது மெயின் கரண்ட், உங்களுக்கு இப்ப குடுத்துருக்கறது அதான். சாவிய மொத கட்டத்துக்கு திருப்புனா ரேடியோவுக்கு வர்றது ஏசிசி (ஆக்சசரி கரண்ட்), ஸ்டார்ட்டர் சுத்தும்போது மட்டும் இது கட் ஆயி திரும்ப வரும், அதனால வண்டி ஸ்டார்ட் பண்ணும்போது கேமரா ஒரு தடவ அணைஞ்சி எரிஞ்சா பயப்படாதீங்க. சாவி முழுசா ஆன்ல வர்றது இக்னிஷன் கரண்ட். கேமராவுக்கு ஏசிசி போதும்.

அத கண்டுபுடிக்க ஆட்டோ எலக்ட்ரிகல் கடைல ஒரு டெஸ்ட் லேம்ப் (கரண்ட் இருந்தா எரியற, கூர் முனையும் கிளிப்பும் இருக்கற சின்ன பல்பு) வாங்கிக்கங்க. கிளிப்ப பாடில பெயின்ட் இல்லாத போல்ட்ல எர்த் குடுத்துட்டு, டேஷ்போர்டுக்கு கீழ இருக்கற ஃப்யூஸ் பாக்ஸ்ல, கீழ தொடக்கூடாதுன்னு சொல்ற ஃப்யூஸ விட்டுட்டு, மத்த ஒவ்வொரு ஃப்யூஸ் தலைலயும் ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, அதுல முனைய வெச்சி சாவி ஆஃப்ல ஒரு தடவ, ஆன்ல ஒரு தடவ பாருங்க, ஆஃப்ல எரியாம ஆன்ல எரிஞ்சா அதான் நீங்க தேடறது. மல்டிமீட்டரும் நல்லதுதான், ஆனா அறுந்து ஒரு இழை மட்டும் ஒட்டிட்டு இருக்கற வயர்லயும் மீட்டர் 12 வோல்ட் காட்டிடும், லேம்ப் கொஞ்சம் லோடு இழுக்கறதால வயர் உண்மைலயே தாங்குமான்னு தெரிஞ்சிடும். இதுல நெறைய பேர் கோட்ட விடற எடம் ஒண்ணு இருக்கு, புது வண்டிங்கள்ல சாவி எடுத்தப்பறமும் கதவு தொறக்கற வரைக்குமோ கொஞ்ச நிமிஷத்துக்கோ கரண்ட் நிக்கும், அதனால வண்டிய பூட்டிட்டு ஒரு கால் மணி நேரம் கழிச்சி இன்னொரு தடவ பாருங்க.

லைட்டர் சாக்கெட், ரேடியோ, பின்னாடி வைப்பர் ஃப்யூஸ்ல எடுக்கலாம். ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் புடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது), இன்ஜின் ஈசிஎம் (இன்ஜின ஓட்டற கம்ப்யூட்டர்) ஃப்யூஸ் பக்கமே போவாதீங்க, மஞ்சள் கனெக்டர் இருந்தா அது பெரும்பாலும் ஏர்பேக், அதுல டெஸ்ட் லேம்ப் முனையக்கூட வெக்கக்கூடாது. வயர சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டறத விட்டுட்டு, உங்க ஃப்யூஸ் சைஸுக்கு ஒரு ஃப்யூஸ் டேப் (fuse tap, பழைய ஃப்யூஸ் எடத்துல சொருகி ரெண்டு ஃப்யூஸ் போட்டுக்கற கிளை) வாங்கி சொருகி கேமராவுக்கு தனியா 2 இல்ல 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்க. ஃப்யூஸ் டேப்போட பொதுக் கால் (ரெண்டு ஃப்யூஸுக்கும் சேந்த கால்) கரண்ட் வர்ற பக்கம் நிக்கணும், திருப்பி சொருகுனா ரெண்டு லோடும் பழைய ஃப்யூஸ் வழியாவே போவும்.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): ஏலகிரி மேல பனி ஜாஸ்தி, பைக்ல ரெண்டு ஃபாக் லைட் போடணும், ஹெட்லைட் வயர்லயே எடுத்துக்கலாமா?

பதில்: வேணாம். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த புது மாடல்ல இன்ஜின் ஓடற வரைக்கும் ஹெட்லைட் எரியும், அதுல எடுத்தா ஃபாக் லைட்டும் கூடவே எரியும், பழைய பைக் நெறையத்துல ஹெட்லைட்டுக்கு பேட்டரிய தொடாம இன்ஜின்ல கரண்ட் உண்டாக்கற காயில்லேர்ந்து நேரா ஏசி (மாறுதிசை) கரண்ட் வரும், அதுல எல்இடி மாட்டுனா துடிக்கும், போய்டும். ரெண்டு 20 வாட் லைட்டுன்னா 40 வாட், 12ஆல வகுத்தா மூணு ஆம்பியருக்கு மேல, பைக்கோட மெல்லிசு வயர் மேல இந்த சுமைய ஏத்தாதீங்க.

ரிலே போடுங்க, அதாவது கொஞ்சம் கரண்ட்ட வெச்சி பெரிய கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச், அதோட கால்ல 30, 85, 86, 87ன்னு நம்பர் போட்டுருக்கும். பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து ஒரு ஃப்யூஸ், அதுவும் பேட்டரிக்கு பக்கத்துலயே இருக்கணும், அங்கேர்ந்து ரிலேவோட 30க்கு, 87லேர்ந்து லைட்டுக்கு, 85 எர்த்து, 86க்கு மட்டும் சாவி கரண்ட். பின் பிரேக் சுவிட்சுக்கு வர்ற வயர் நெறைய பைக்ல சாவி ஆன்ல லைவா இருக்கும், லேம்ப் வெச்சி பாத்துட்டு எடுங்க. ரிலே காயில் இழுக்கறது கால் ஆம்பியர்கூட இல்ல, அதனால அந்த வயர் சுடாது. 86க்கு போற வயர் நடுவுல ஒரு சுவிட்ச் வெச்சி எதுக்க வண்டி வரும்போது அணைச்சிடுங்க, கொண்டை ஊசி வளைவுல எதுக்க வர்றவனுக்கு கண்ணு கூசுனா ரெண்டு பேருக்கும் ஆபத்து.

கேள்வி (வாலாஜா வாசகர்): லாரில ரெண்டு பேட்டரி இருக்கு, ஒரு பேட்டரில மட்டும் 12 வோல்ட் எடுத்து ஆடியோ செட் ஓட்டறாங்களே, சரியாண்ணா?

பதில்: தப்பு. ரெண்டும் சீரீஸ்ல (ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா சேத்து) 24 வோல்ட், ஒண்ணுல மட்டும் இழுத்தா அது எப்பவும் கொறஞ்சே கெடக்கும், இன்னொண்ணு ஓவர் சார்ஜ் ஆவும், ரெண்டுமே சீக்கிரம் போய்டும். 24லேர்ந்து 12க்கு கன்வெர்ட்டர் வெச்சி, அதுக்கு சாவி கரண்ட்டுல ரிலே குடுங்க, ரிலே காயில் 24 வோல்ட்டான்னு கடைல கேட்டு வாங்குங்க.